பழைய சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆரை ஸ்ட்ரீட்ஃபைட்டராக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றின் ஃபேரிங்கை, அதாவது முன்னும் பக்கங்களிலும் மூடும் பிளாஸ்டிக் உறையை, கழற்றி, தாழ்ந்த கிளிப்-ஆன் கைப்பிடிகளுக்குப் பதிலாக உயர்ந்த ஹேண்டில்பாரைப் பொருத்தி, இன்ஜின் வெளியே தெரிய ஓட்டும் வழக்கம் 1980களில் பிரிட்டனில் வேரூன்றியது. அப்படி மாற்றிய வண்டியே ஸ்ட்ரீட்ஃபைட்டர். அந்த வழக்கத்தின் தாய் வண்டி என்று சொல்லத் தக்கது, எண்ணெயால் குளிர்விக்கப்பட்ட சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர். கீழே உள்ள விடைகள் அந்த வண்டியை முன்வைத்து எழுதப்பட்டவை. மற்ற நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்பது ஃபேரிங் இல்லாத வண்டிதானே? அதைக் கழற்றினால் வேலை முடிந்துவிடாதா?

முடியாது. ஃபேரிங் அழகுக்கான பிளாஸ்டிக் மட்டுமன்று, அது பல வேலைகளைச் செய்கிறது. ஹெட்லைட்டையும் மீட்டர்களையும் தாங்குகிறது. ஆயில் கூலருக்குக் காற்றை வழிநடத்துகிறது. ஓட்டுபவரின் மார்பில் மோதும் காற்றைத் திருப்பிவிடுகிறது. வயர்களையும் கனெக்டர்களையும் மழையிலிருந்து காக்கிறது. அதைக் கழற்றும் நாளில் இந்த வேலைகள் எல்லாம் ஆளில்லாமல் நிற்கின்றன. ஒவ்வொரு வேலையையும் வேறொரு பாகத்திடம் ஒப்படைப்பதே ஸ்ட்ரீட்ஃபைட்டர் கட்டுவது. இதை மனத்தில் வைத்துத் தொடங்கியவர்களின் வண்டிகள் ஓடுகின்றன. அப்படித் தொடங்காதவர்களின் வண்டிகளில் பல, பாதி கழற்றிய நிலையில் கொட்டகையில் கிடக்கின்றன.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது?

பெரும்பாலும் விபத்திலிருந்தும் பணத்தட்டுப்பாட்டிலிருந்தும். 1980களின் நடுவில் முழு ஃபேரிங் கொண்ட ஜப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றில் ஒன்று ஒருமுறை சாலையில் சரிந்தாலே புதிய ஃபேரிங் தொகுதி வாங்க வேண்டியிருந்தது. பல வண்டிகளில் அந்தச் செலவு வண்டியின் மதிப்பையே தின்றுவிடும். உடைந்த பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு, இரண்டு வட்ட ஹெட்லைட்டுகளையும் அகன்ற ஹேண்டில்பாரையும் மாட்டி ஓட்டியவர்களுக்கு, வண்டி நகரச் சாலையில் முன்பைவிட எளிதாக வளைவது தெரிந்தது. தேவைக்காகச் செய்தது பின்னர் விருப்பத்துக்காகச் செய்வதாயிற்று.

தொழிற்சாலைகள் சற்றுத் தாமதமாகவே பின்தொடர்ந்தன. 1993இல் விற்பனைக்கு வந்த டுகாட்டி மான்ஸ்டர், நிறுவனத்தின் கையிருப்பில் இருந்த பாகங்களைச் சேர்த்து மிகேல் கலூட்ஸி வடிவமைத்தது. 1997இன் டிரையம்ஃப் ஸ்பீட் டிரிபிள் டி509, தன் இரட்டை வட்ட ஹெட்லைட்டுகளால், வீட்டுக் கொட்டகைகளில் பிறந்த தோற்றத்தை அப்படியே ஷோரூமுக்குக் கொண்டுவந்தது. 2009 மாடலாக வந்த டுகாட்டி வண்டிக்கு ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்றே பெயர்.

ஏன் குறிப்பாக ஜிஎஸ்எக்ஸ்-ஆர்?

ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750, 1984இல் கொலோன் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1985இல் விற்பனைக்கு வந்தது. அலுமினிய ஃபிரேம், 180 கிலோவுக்கும் குறைவான உலர் எடை, 100 குதிரைத்திறன் என்ற அறிவிப்பு ஆகிய மூன்றும் அந்நாளில் ஒரு தெரு வண்டியில் ஒன்றுசேர்ந்து வந்ததில்லை. 1986இல் 1052 சிசி கொண்ட 1100 வந்தது. 1989இல் அது 1127 சிசியாக வளர்ந்தது.

ஸ்ட்ரீட்ஃபைட்டர் கட்டுபவருக்கு இவற்றைவிட முக்கியமானது குளிர்விக்கும் முறை. எட்சுவோ யோகோஉச்சியின் தலைமையில் சுசுகி பொறியாளர்கள் இந்த இன்ஜினில் நீருக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். ஆயில் பம்பின் ஒரு பகுதி உயவுக்கும் மற்றொரு பகுதி சிலிண்டர் ஹெட்டைக் குளிர்விக்கவும் எண்ணெயை அனுப்புகிறது. சிறு ஜெட்டுகள் பிஸ்டன்களின் அடிப்பக்கத்தில் எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. அதனால் ரேடியேட்டரும் தண்ணீர்ப் பம்பும் ரப்பர்க் குழாய்களும் இல்லை. ஃபேரிங்கைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிவது நெருக்கமான துடுப்புகள் கொண்ட, ஒளிக்க எதுவும் இல்லாத ஓர் இன்ஜின். நீர்க்குளிர்ப்பு வண்டியில் ஃபேரிங்கை எடுத்தால் குழாய்களும் வழியும் நீரைப் பிடிக்கும் டப்பாவும் குடல் சரிந்ததுபோல் தொங்கும். அவற்றை ஒழுங்குபடுத்துவதே தனி வேலையாகிவிடும். 750 மாடல் 1992இலும் 1100 மாடல் 1993இலும் நீர்க்குளிர்ப்புக்கு மாறின. ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளையே தேடுங்கள்.

வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஃபேரிங், பெயின்ட் ஆகியவற்றைப் பார்த்து விலை பேச வேண்டாம், அவை எப்படியும் போகப்போகின்றன. ஃபேரிங் உடைந்த வண்டி உங்களுக்கு நல்ல வண்டியே. ஆனால் ஃபேரிங் எப்படி உடைந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நின்ற இடத்தில் சாய்ந்து உடைந்தது வேறு, எதிரே வந்ததில் மோதி உடைந்தது வேறு. ஸ்டியரிங் ஹெட்டைச் சுற்றியுள்ள வெல்டிங் தடங்களில் மயிரிழை விரிசல் உள்ளதா, ஹேண்டிலை முழுவதும் திருப்பினால் ஃபிரேமில் முட்டும் ஸ்டியரிங் ஸ்டாப் நசுங்கியுள்ளதா, ஃபோர்க் குழாய்களின் முன்புறத்தில் யோக்குக்கு (குழாய்களைப் பிடித்து ஃபிரேமோடு இணைக்கும் தட்டு) கீழே பெயின்டோ குரோமோ சுருங்கியுள்ளதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டாப் நசுங்கியிருந்தால் வண்டி பலமாக அடிபட்டது என்றே கொள்ள வேண்டும். பின்னால் சற்று தூரத்தில் உட்கார்ந்து இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

இன்ஜினில் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளக்க வேண்டும். தனி எண்களைவிட அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே அதிகம் பேசும். 1991க்கு முந்தைய எண்ணெய்க்குளிர்ப்பு மாடல்களில் வால்வு இடைவெளி ஸ்க்ரூவும் லாக்நட்டும் கொண்டு சரிசெய்யப்படுகிறது, ஷிம் என்னும் அளவுத் தகடுகள் தேவையில்லை. எனவே வால்வு இடைவெளி கூடுவதால் வரும் டாப்பெட் சத்தம் கேட்டு மிரள வேண்டியதில்லை. அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த தட்டல் சத்தமே அஞ்சத் தக்கது. பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து, சுமார் 5000 ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவு ஆவணங்களைப் பாருங்கள். ஆவணத்தில் உள்ள எண்ணும் ஃபிரேமில் குத்தப்பட்ட எண்ணும் ஒத்துவராத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

உயர்ந்த ஹேண்டில்பார் பொருத்துவது எளிதா?

பொருத்துவது எளிது, அதன் பின்விளைவுகளைச் சரிசெய்வதில்தான் நேரம் போகும். கிளிப்-ஆன் கைப்பிடிகள் ஃபோர்க் குழாயையே பிடித்திருக்கும். நேர் ஹேண்டில்பாருக்கு மேல் யோக்கில் கிளாம்ப் தேவை. அசல் யோக்கில் துளையிடுவதாக இருந்தால், அந்த இடத்தில் உலோகம் போதிய தடிமனாக உள்ளதா என்று அடிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்; பல யோக்குகள் எடைக்குறைப்புக்காக அடியில் குடையப்பட்டிருக்கும். கிளாம்ப்புக்கென்றே கட்டித் துண்டிலிருந்து கடைந்த யோக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்து ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் நீளம். இன்ஜின் ஐட்லில் ஓடும்போது ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. யூ டர்ன் எடுக்கும்போது தானாக வேகம் பிடிக்கும் வண்டி ஆளைக் கொல்லும். முன்பக்கம் முழுவதுமாக அமுங்கும்போதும் தொங்கும்போதும் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா, விரல்கள் டேங்கில் நசுங்காமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பழைய ரப்பர் ஹோஸ்களை எப்படியும் மாற்ற வேண்டியிருப்பதால், எஃகு வலை பின்னிய ஹோஸ்களைச் சரியான நீளத்தில் செய்துகொள்வது ஒரே செலவில் இரண்டு வேலை.

வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தினால் என்ன ஆகும்?

ஸ்ட்ரீட்ஃபைட்டர் கட்டுபவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. பின்பக்கம் தூக்கிய தோற்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பின்னால் தூக்குவது முன்னால் உள்ள கோணத்தை மாற்றுகிறது. ஸ்டியரிங் அச்சின் சாய்வை ரேக் என்கிறோம். அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் டிரெயில். வண்டி நேராக ஓட விரும்புவது டிரெயிலால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரங்களுக்கு இடையே 1400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தைச் சுமார் 24 மி.மீ. உயர்த்தினால் ரேக் 1 பாகை குறையும். முன்சக்கர ஆரம் 300 மி.மீ., யோக்கின் ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி நிற்கும் தூரம்) 30 மி.மீ. என்று கொண்டால், 25 பாகையில் டிரெயில் ஏறக்குறைய 107 மி.மீ.; 24 பாகையில் அது 101 மி.மீ. ஆகிவிடும். ஆக, ஓர் அங்குலம் தூக்கினால் 6 மி.மீ. டிரெயில் போகிறது. ஃபோர்க்கை யோக்கில் மேலே தள்ளி முன்பக்கத்தையும் அதே அளவு தாழ்த்தினால் இழப்பு இருமடங்காகும். நகரத்தில் வண்டி துள்ளலாக வளையும். நெடுஞ்சாலையில் ஒரு சிறு மேடு தட்டினால் ஹேண்டில் படபடவென்று உதறும்.

இந்த எச்சரிக்கைக்கு ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1985இன் முதல் 750 அதிவேகத்தில் நிலைகொள்ளாமல் இருப்பதாகக் குறை எழுந்தது. 1986 மாடலில் சுசுகியே, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை 25 மி.மீ. நீளமாக்கியது. தொழிற்சாலைக்கே தேவைப்பட்ட திருத்தத்தை நாம் எதிர்த்திசையில் இழுக்கக் கூடாது. உயர்த்துவதாக இருந்தால் 10 மி.மீ. உயர்த்தி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த படிக்குப் போங்கள். ஹேண்டில் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் நல்ல காப்புதான், ஆனால் தவறான கோணத்துக்கு அது மருந்தாகாது.

18 அங்குலச் சக்கரங்களை 17 ஆக மாற்றலாமா?

மாற்றலாம், நல்ல டயர்களுக்காகப் பலரும் மாற்றுகிறார்கள். தொடக்க கால 750இல் முன்னால் 110/80-18, பின்னால் 140/70-18 டயர்கள் இருந்தன. அவற்றுக்குப் பதில் 120/70-17, 180/55-17 பொருத்தினால் முன் அச்சு சுமார் 17 மி.மீ., பின் அச்சு சுமார் 12 மி.மீ. தாழும். அதாவது நீங்கள் எதையும் தூக்காமலேயே, முன்பக்கத்தோடு ஒப்பிட்டால், பின்பக்கம் 5 மி.மீ. உயர்ந்துவிட்டது. எக்ஸாஸ்ட் குழாயும் ஃபுட்பெக்கும் தரைக்கு 12 முதல் 17 மி.மீ. வரை நெருங்கிவிட்டன. 180 அகல டயர் பழைய ஸ்விங்ஆர்முக்குள் நுழையுமா, செயின் டயரை உரசுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். செயினுக்காக முன் ஸ்ப்ராக்கெட்டைப் பல மில்லிமீட்டர் வெளியே தள்ளுவதைவிட, 160 அகல டயரோடு நிறைவடைவதே அறிவு என்பது என் கருத்து.

தலைகீழ் ஃபோர்க் பொருத்துவது தேவையா?

தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் இருப்பது தலைகீழ் ஃபோர்க். அது தேவையில்லை, ஆனால் சரியாகச் செய்தால் பிரேக்கிங்கில் வண்டி மாறிவிடும். பிந்தைய ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஒன்றின் முன்பகுதியை முழுதாக வாங்குங்கள்: ஃபோர்க், இரண்டு யோக்குகள், சக்கரம், ஆக்ஸில், டிஸ்க், காலிப்பர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. வெவ்வேறு வண்டிகளிலிருந்து சேர்த்தால் ஸ்பேசர் கடைந்தே ஆண்டு போய்விடும். ஸ்டெம்மின் (யோக்கை ஃபிரேமில் சுழல வைக்கும் தண்டு) நீளமும் பேரிங் அளவும் பொருந்தாவிட்டால் ஸ்டெம்மை மாற்றி அழுத்திப் பொருத்துவது லேத் தெரிந்தவரின் வேலை. புதிய யோக்கில் ஸ்டியரிங் ஸ்டாப் சரியான இடத்தில் முட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க் டேங்கைக் குத்தும்.

மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 14 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 16 மி.மீ. வைத்தால் பரப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுகிறது; லீவர் கெட்டியாகும், ஆனால் அதே பிரேக்குக்கு விரல்கள் அந்த அளவு கூடுதலாக அழுத்த வேண்டும். கெட்டியான லீவரை நல்ல பிரேக் என்று மயங்குபவர்கள் பலர்.

ஒற்றைப்பக்க ஸ்விங்ஆர்ம்?

ஹோண்டா விஎஃப்ஆர் 750இலிருந்து எடுத்துப் பொருத்துவது வழக்கம். பார்க்க அழகு. ஆனால் பிவட் அகலம், லிங்கேஜ், ஷாக் நீளம், செயின் கோடு ஆகிய நான்கும் மாறும். முதல் வண்டி கட்டுபவர் இதைத் தொட வேண்டாம்.

பின்பக்க சப்ஃபிரேமை வெட்டிக் குட்டையாக்கலாமா?

சப்ஃபிரேம் என்பது சீட்டைத் தாங்கும் பின்சட்டம். வெட்டுவதற்கு முன் அந்த வண்டியில் அது போல்ட்டால் இணைந்ததா, பிரதான ஃபிரேமோடு வெல்டிங் செய்யப்பட்டதா என்று பாருங்கள். போல்ட் சப்ஃபிரேம் என்றால் அசலைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, இன்னொன்றை வாங்கி அதில் உங்கள் கையைக் காட்டுங்கள்.

அலுமினியத்தை வெல்டிங் செய்வது இரும்பைப் போன்றதன்று. வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டிய அலுமினியக் கலவைகள், வெல்டிங் தடத்தை ஒட்டிய பகுதியில் தம் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஸ்டியரிங் ஹெட், ஸ்விங்ஆர்ம் பிவட், இன்ஜின் தாங்கிகள் ஆகியவற்றின் அருகே ஃபேரிங் கொக்கிகளை நீக்குவதற்காகக்கூட டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள். கொக்கிகளை ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்து எடுங்கள். வெல்டிங் செய்தே ஆக வேண்டிய இடத்தில், டிக் வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். அதற்கு முன் பேட்டரியையும் இக்னிஷன் பெட்டியையும் கழற்றிவிடுங்கள்.

ஏர்பாக்ஸை எடுத்துவிட்டுத் தனித்தனி ஃபில்டர்கள் போடலாமா?

ஏர்பாக்ஸ் என்பது கார்புரேட்டர்களுக்கு வடிகட்டிய காற்றைத் தரும் பெட்டி. என் விடை, வேண்டாம் என்பதே. 1100இலும் பிந்தைய 750களிலும் உள்ள மிக்குனி கார்புரேட்டர்களில், காற்று செல்லும் வழியைத் திறக்கும் ஸ்லைடு காற்றழுத்த வேறுபாட்டால் உயர்கிறது. ஏர்பாக்ஸில் அடங்கி நிற்கும் அமைதியான காற்று அந்த ஸ்லைடுக்கு வேண்டும். கூம்பு ஃபில்டர்களை வெளிக்காற்றில் நீட்டினால், ஃபேரிங்கும் இல்லாத நிலையில், பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதெல்லாம் கலவை மாறும். நடு ஆர்பிஎம்மில் ஒரு பள்ளம் விழும். ஜெட், ஊசி, ஸ்பிரிங் என்று வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். நகரத்தில் ஓட்டுவதற்குத் தேவையானதே நடு ஆர்பிஎம் இழுவைதான். ஏர்பாக்ஸை வைத்துக்கொண்டு, விரிசல் விட்ட ரப்பர் இன்டேக் குழாய்களை மாற்றி, நான்கு கார்புரேட்டர்களையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமன்படுத்தினாலே வண்டி புதிதுபோல் இழுக்கும்.

வயரிங்கை எப்படிக் கையாள்வது?

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயரிங் என்பதை மறக்க வேண்டாம். ஃபேரிங்குக்குள் ஒளிந்திருந்த கனெக்டர்கள் இனி மழையில் நனையும். அவற்றை டேங்குக்கு அடியிலோ ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளோ கொண்டுசெல்லுங்கள். எதையும் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, வயரிங் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 55 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியரைத் தாண்டும். பழைய சுவிட்சின் வழியாக அவ்வளவையும் அனுப்பினால் சுவிட்ச் உருகும், வெளிச்சமும் மங்கும். ஃபியூஸோடு கூடிய ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். எஞ்சியிருக்கும் கோளாறுகளில் பாதி, துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்கினால் தீர்ந்துவிடும்.

ஆயில் கூலர் வெளியே தெரிவதால் ஆபத்து உண்டா?

கல்லடிதான் ஆபத்து. முன்னால் கம்பிவலை போடுங்கள். கூலரை அழகுக்காகச் சிறிதாக்கக் கூடாது. இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டரே அதுதான்.

சட்டப்படி இதைச் செய்யலாமா?

பிரிட்டனில் மாற்றியமைத்த வண்டிகள் சாலையில் ஓடலாம். எம்ஓடி என்னும் ஆண்டுச் சாலைத்தகுதிச் சோதனையில் பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், எக்ஸாஸ்ட் ஆகியவை பார்க்கப்படும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் விபத்தின்போது காப்பீடு கைவிடும். ஃபிரேமில் கைவைப்பதாக இருந்தால் பதிவையே பாதிக்கலாம் என்பதால், வேலைக்கு முன் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு யமஹா ஆர்15 போன்ற வண்டியை வெட்டி ஒட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஆசையை ஆர்டிஓவிடம் கேட்காமல் செயலாக்க வேண்டாம் என்பதே. ஆர்15இன் ஃபேரிங் இல்லாத வடிவத்தை எம்டி-15 என்ற பெயரில் யமஹாவே 2019இலிருந்து இந்தியாவில் விற்கிறது.

எப்போது பெயின்ட் அடிப்பது?

எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலில் பாகங்கள் அனைத்தையும் வெறும் உலோகமாகவே மாட்டி, வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். விளக்குக் கொக்கி இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும், இருக்கை சற்றுத் தாழ வேண்டும், ஃபுட்பெக் பின்னால் போக வேண்டும் என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மீண்டும் துளையிட வேண்டும், தேய்க்க வேண்டும். முதல் ஓட்டம் 10 கி.மீ.க்குள் இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஆக்ஸில், காலிப்பர், யோக், ஹேண்டில்பார் கிளாம்ப் ஆகியவற்றின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். பிறகு 50, பிறகு 200 கி.மீ. என்று தூரத்தைக் கூட்டுங்கள். மழையில் ஒருமுறையாவது ஓட்டுங்கள்; வயரிங்கின் நிலை அன்றைக்குத் தெரியும். நடுங்கும் இடம், உரசும் கேபிள், கசியும் கேஸ்கெட் எல்லாம் ஒரு தாளில் குறிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்ட பிறகு, முழு வண்டியையும் பிரித்து, ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்கும் டேங்கைப் பெயின்டருக்கும் அனுப்பலாம். பவுடர் கோட்டிங் செய்பவரிடம் அலுமினிய ஃபிரேம் என்று சொல்லிக் கொடுங்கள். அடுப்பு வெப்பத்தை அவர் அதற்கேற்பக் குறைத்து வைக்க வேண்டும், பேரிங் உட்காரும் இடங்களையும் மறைக்க வேண்டும்.